வெள்ளவத்தை ஃபிளாட் குழு: ஜெனரேற்றர் விவகாரம்

செயலாளர் அங்கிள்: காலை வணக்கம். இரவு மழையில் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பம்ப் போட்டாயிற்று. புது ஜெனரேற்றரும் அங்கேயே, பழைய அறையிலேயே வைப்பதாக இருக்கிறோம். மறுப்பு இருந்தால் இன்றே சொல்லவும்.

சாந்தி அன்ரி 2ஏ: கான் முழுக்க ஷொப்பிங் பை. யார் போடுவது என்று தெரியும், சொல்லமாட்டேன்.

ரவி 5சி: கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தே தண்ணீர் வடியவில்லை. இப்படிக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மழை கொட்டினால் நம் கதி என்ன?

பிரணவி 4பி: அங்கே கொட்டாமலும் இல்லை அண்ணா. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்ரிமீற்றருக்கு மேல். கூடங்குளம் அதற்குத் தெற்கே, அதே கரையில்தான். அணு உலை என்றால் எல்லோரும் சுனாமியைத்தான் நினைப்போம். ஆனால் வளாகத்துக்குள்ளேயே விழும் மழைக்குத் தனிக் கணக்கு உண்டு. ஃபுக்குஷிமாவுக்குப் பிறகு, 2012இல், அமெரிக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தன் நாட்டு அணுமின் நிலையங்கள் எல்லாவற்றையும் அந்தக் கணக்கை மறுபடி போடச் சொன்னது.

ரவி 5சி: மழையை எப்படிக் கணக்குப் போடுவது?

பிரணவி 4பி: ஒரு சதுர மைலில் ஒரு மணித்தியாலத்தில் பெய்யக்கூடிய ஆகக் கூடிய மழையை எடுப்பார்கள். ஃபுளோரிடா பக்கம் அது ஏறக்குறைய 48 சென்ரிமீற்றர். 1992 ஜூனில் கொழும்பு மூழ்கியபோது ஒரு நாள் முழுக்கப் பெய்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதிலும் கான், குழாய் எல்லாம் அடைபட்டதாக வைத்துத்தான் கணக்கு.

சாந்தி அன்ரி 2ஏ: பாருங்கோ! அமெரிக்காக்காரனே கானை நம்பவில்லை.

பிரணவி 4பி: 😄 ஓம் அன்ரி. அப்புறம் ஒவ்வொரு கதவின் முன்னும் தண்ணீர் எவ்வளவு ஏறும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்று பார்ப்பார்கள். கூரையையும் விடுவதில்லை, கைப்பிடிச் சுவருக்குள் தேங்கினால் பாரம் ஏறும். ஆறு பெருகினால் முன்கூட்டித் தெரியும். இந்த மழைக்கு மணல் மூட்டை அடுக்கவே நேரம் கிடைக்காது.

செயலாளர் அங்கிள்: மகள், நம்மிடம் உலை இல்லை. ஜெனரேற்றர் அறைக்கு இரும்புக் கதவு, ஒரு அடி வாசற்படி. போதாதா?

பிரணவி 4பி: கதவு சரி அங்கிள். 2014 ஜனவரியில் ஃபுளோரிடாவின் செயின்ட் லூசி நிலையத்தில் தண்ணீர் கதவால் வரவில்லை. பெருமழை, வடிகால் சரியாக வாங்கவில்லை, வெளியே தேங்கியது கேபிள் குழாய்களுக்குள் இறங்கி உலையின் துணைக் கட்டடத்துக்குள் போய்விட்டது. சுமார் 190,000 லீற்றர்! குழாய்க்குள் இருக்க வேண்டிய அடைப்புகளே இல்லை. உலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு கதை. 1999இல் பிரான்சின் பிளேயே நிலையத்திலும், அணை தாண்டிய தண்ணீர் உள்ளே பரவியது இப்படிப்பட்ட ஓட்டைகளால்தான். நம் கேபிள் எந்த வழியாக வருகிறது?

குகன் 1ஏ: கீழேதான் நிற்கிறேன். ஜெனரேற்றர் அறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட்டை. என் கை தாராளமாகப் போகிறது. பழைய சாரம் சுருட்டி அடைத்திருக்கிறது, பிழிந்தால் தண்ணீர். படம் போடுகிறேன்.

செயலாளர் அங்கிள்: அது எலிக்கு அடைத்தது தம்பி.

ரவி 5சி: எலிக்கு நீந்தத் தெரியும் அங்கிள்.

செயலாளர் அங்கிள்: சரி, சரி. முதலாம் மாடிப் பின்தளத்துக்கு ஏற்ற எவ்வளவு முடியும் என்று கேட்கிறேன். புகை மட்டும் 2ஏ ஜன்னல் பக்கம் வரும்.

சாந்தி அன்ரி 2ஏ: இருங்கோ, நேரிலேயே வாறேன்.