சைஸ் ஒண்ணுதானே பெரியப்பா?

குழு: செட்டிகுளம் வீடு 🏡

காலை 7:12

செல்வம்: [3 படங்கள்]

செல்வம்: பொலிரோ பிக்கப் பின் டயர் ரெண்டும் முடிஞ்சுது. வலது பக்கம் கம்பியே எட்டிப் பாக்குது. நாளன்னிக்கு திருச்சி மண்டிக்கு வெங்காயம் ஏத்தணும். கடைக்காரர்கிட்ட 215/75 ஆர் 15 ஒரு ஜோடி ரெடியா இருக்காம், இன்னிக்கே மாட்டிக்கலாம்ங்கறார். நம்ம பழைய டயரை விட விலையும் கம்மி. போட்டுடவா?

மதன்: போடுறதுதான் போடுற, 235/75 போடுடா. வண்டி கெத்தா நிக்கும் 😎

அம்மா: கம்பி தெரியுற டயரை வெச்சுக்கிட்டா ராத்திரி வந்த?

செல்வம்: காலி வண்டிம்மா

அம்மா: காலி வண்டின்னா டயர் வெடிக்காதா

முருகேசன் மாமா: மாப்ள, எதுக்கு புதுசு? ரீட்ரெட் பண்ணிடு. பாதிக் காசுல முடியும்

பெரியப்பா: யாரும் எதுவும் போடாதீங்க. நான் கண்ணாடி எடுத்துட்டு வந்து படத்தைப் பாக்கறேன்

காலை 7:31

பெரியப்பா: முருகேசா, கம்பி தெரிஞ்ச டயருக்கு ரீட்ரெட் கிடையாது. பட்டன், அதான் ரோட்டுல படற ரப்பர் மேடு, தேஞ்சு, உடம்பு நல்லா இருந்தாத்தான் மேல ரப்பர் ஒட்டலாம். கம்பியில தண்ணி பட்டு துரு ஏறியிருக்கும். டிப்போல இந்த மாதிரி டயர் வந்தா ஒதுக்கிப் போட்டுடுவோம்

முருகேசன் மாமா: சரிங்க மச்சான், நீங்க அங்கயே 28 வருஷம் டயர் செக்‌ஷன்ல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாததா 🙏

பெரியப்பா: செல்வா, ரெண்டாவது படத்தை நல்லாப் பாரு. நடுவுல பட்டன் இன்னும் இருக்கு. ரெண்டு ஓரமும் மொட்டை. என்ன அர்த்தம்?

செல்வம்: ஓவர் லோடா?

பெரியப்பா: காத்து கம்மி. டயர் வயிறு அமுங்கி ஓரத்துலயே ஓடியிருக்கு. லோடும் சேந்துதான் பண்ணும், அதுக்கு அப்புறம் வரேன். எவ்ளோ அடிக்கிற?

செல்வம்: பங்க்ல நாலுக்கும் 40 அடிச்சு விடுவான்

பெரியப்பா: லோடு வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே காத்தா? டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கு எவ்ளோ, பின்னுக்கு எவ்ளோன்னு கம்பெனிக்காரனே போட்டிருப்பான். அதைப் படி

செல்வம்: ஸ்டிக்கர் மேல முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பெரியப்பா 😬

அம்மா: அதைப் பிச்செடுத்தா பாரு

பெரியப்பா: 😂 சரி, வண்டியோட வந்த புக்குல இருக்கும். இப்ப ரெண்டு படம் வேணும். பழைய டயர்ல சைஸ் எழுதின இடம் ஒண்ணு. கடைக்காரர் குடுக்கற டயர்ல அதே இடம் ஒண்ணு. எழுத்து முழுசும் விழணும்

செல்வம்: சைஸ் ஒண்ணுதானே பெரியப்பா? ரெண்டுமே 215/75 ஆர் 15

பெரியப்பா: அதான் எடுன்னேன்

காலை 9:05

செல்வம்: [2 படங்கள்]

செல்வம்: கடைக்கு வந்துட்டேன். பழசுல “215/75 ஆர் 15 எல்டி 8பிஆர் 106/103”ன்னு இருக்கு. புதுசுல “பி215/75 ஆர் 15 100எஸ்”

மதன்: ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. அகலம் 215 மிமீ, உயரம் அதுல 75 சதவீதம், ரேடியல், 15 இஞ்ச் ரிம்

பெரியப்பா: அதுவரைக்கும் சரி. ரிம்ல கச்சிதமா உக்காரும், அதனாலதான் கடைக்காரர் நல்ல மனசோடதான் குடுக்கறார். மிச்சத்தை டைப் பண்ண முடியல, பேசி அனுப்பறேன்

பெரியப்பா: [குரல் பதிவு 2:41]

கவிதா: பின்னாடி கோழி சத்தமும் மிக்சி சத்தமும். நான் கேட்டு எழுதறேன், இருங்க

கவிதா: பெரியப்பா சொன்னது இது. சைஸுக்கு அப்புறம் வர்ற நம்பர்தான் எடை. அது கிலோ இல்ல, பட்டியல் நம்பர். 100ன்னா ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 106ன்னா 950 கிலோ. சாய்கோட்டுக்கு அப்புறம் இருக்கற 103, பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயர் போடற வண்டிக்கு. அது 875. நம்ம வண்டிக்கு ஒரு பக்கம் ஒண்ணுதான், அதனால முதல் நம்பரை மட்டும் பாத்தா போதும். முன்னாடி “பி” போட்டிருந்தா கார் டயர். “எல்டி”ன்னா லோடு வண்டி டயர். பொலிரோ காருக்கும் இதே 215/75 ஆர் 15தான் வருது. பேரும் ஒண்ணு, சைஸும் ஒண்ணுங்கறதால மாறிப் போகுதாம். கடைசில இருக்கற எஸ் வேகத்துக்கு, 180 வரைக்கும். நம்ம ரோட்டுக்கு அது தேவையே இல்ல

செல்வம்: 150 கிலோதானே வித்தியாசம்?

பெரியப்பா: ஒரு டயருக்கு. ஆர்சில மொத்த எடை எவ்ளோ போட்டிருக்கு?

செல்வம்: கிட்டத்தட்ட 3 டன். சரக்கு 1.3 டன்

பெரியப்பா: முழு லோடுல பின் அச்சு மேல 1,800, 1,900 கிலோ உக்காரும்னு வெச்சுக்க. பின்னாடி ரெண்டே டயர். ஒண்ணுக்கு 900க்கு மேல. 800 டயர் என்ன ஆகும்?

செல்வம்: புரியுது

பெரியப்பா: உடனே வெடிக்காது, அதான் ஆபத்தே. ஓடும்போது பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடிப்புல சூடு ஏறும். உள்ள துணியும் ரப்பரும் ஒட்டு விடும். சித்திரை வெயில்ல, நாலு வழிச் சாலையில 80ல போறப்பதான் கிழியும். டோல்கேட் பக்கம் கிடக்கற கருப்பு ரப்பர் துண்டுலாம் பாத்திருப்பல்ல

அம்மா: மாமா, பயமுறுத்தாதீங்க

பெரியப்பா: பயப்படட்டும்மா

மதன்: காத்தை ஏத்தி அடிச்சா தாங்காதாப்பா?

பெரியப்பா: கார் டயர் அதுக்குக் கட்டினது இல்லடா. செல்வா, பழைய டயர்ல ரிம் ஓரமா பொடி எழுத்துல அதிகபட்ச லோடு போட்டிருப்பான். தடவிப் பாரு

செல்வம்: இருக்கு! 950 கிலோ, 450 கேபிஏ, 65 பிஎஸ்ஐ

பெரியப்பா: அதான். 65 காத்து இருந்தாத்தான் 950. நீ 40ல ஓட்டினா 950 டயரும் 950 தாங்காது. அதான் ஓரம் தின்னுடுச்சு. 8பிஆர் அந்தக் காத்தைத் தாங்கறதுக்கான பலம். பிஆர்னா முன்ன பருத்தித் துணி எத்தனை அடுக்குன்னு எண்ணினது. இப்ப கம்பியும் நைலானும் வந்துடுச்சு, எட்டு அடுக்கு இருக்காது. எட்டு அடுக்குக்குச் சமமான பலம்னு அர்த்தம்

பெரியப்பா: இன்னொண்ணும் பாரு. ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேல ஒரு நம்பர் இருக்கும்

செல்வம்: பழசுல 15636. புதுசுல 15633

பெரியப்பா: 33 கார் டயர். 36 லோடு வண்டி டயர். ரெண்டுக்கும் வேற வேற தரம். கடைக்காரர்கிட்ட மரியாதையா காட்டு. 36 இருக்கறதைக் குடுங்கன்னு கேளு

முருகேசன் மாமா: இவ்ளோ நாளா அது சும்மா சீல்னு நெனச்சேன் 😮

காலை 9:48

மதன்: சரி, 235/75ல எல்டி டயர் இருந்தா? எடையும் தாங்கும், பாக்கவும் நல்லா இருக்கும். பெருசுதானே நல்லது

பெரியப்பா: கவிதா, கணக்குப் போடும்மா

கவிதா: 215ல 75 சதவீதம் 161.25 மிமீ. மேலயும் கீழயும் சேத்து 322.5. ரிம் 15 இஞ்ச், அதாவது 381 மிமீ. மொத்தம் 703.5

கவிதா: 235க்கு 352.5ம் 381ம் சேத்து 733.5. முப்பது மிமீ அதிகம். 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல

பெரியப்பா: டயர் ஒரு சுத்துக்குக் கூட தூரம் ஓடும். மீட்டர் 60 காட்டறப்ப வண்டி 62, 63ல போகும். 80 காட்டினா 83. கிலோமீட்டரும் கம்மியா காட்டும், சர்வீஸ் தள்ளிப் போகும்

மதன்: 3 கிமீலாம் ஒரு விஷயமாப்பா

பெரியப்பா: மீட்டரை விடு. கியரைப் பாரு. டயர் பெருசானா ஃபர்ஸ்ட் கியர் நீண்டு போகும். நம்ம காட்டுல ஈர மண்ணுல முழு லோடோட கிளம்பறப்ப கிளட்சை அரை மிதில வெச்சு இழுக்கணும். கிளட்ச் பிளேட்டுக்கு நீ காசு குடுப்பியா? அப்புறம் முன்னாடியும் அதையே போட்டா, ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பறப்ப எங்கயாவது உரசலாம். லோடு ஏறி ஸ்பிரிங் பட்டை அமுங்கினா பின்னாடி மட்கார்டுல தட்டலாம்

பெரியப்பா: ரிம் அகலமும் இருக்கு. 235க்கு குறைஞ்சது 6 இஞ்ச் அகல ரிம் வேணும். செல்வா, ரிம்ல என்ன பொறிச்சிருக்கு?

செல்வம்: துரு பெரியப்பா. ஒண்ணும் தெரியல

பெரியப்பா: அப்ப பேச்சே வேணாம்

மதன்: 👍 நான் இந்தக் குரூப்ல இனிமே குட் மார்னிங் மட்டும் போடறேன்

செல்வம்: மண்டில ஒரு அண்ணன் 7.00 ஆர் 15 போட்டிருக்கார், நல்லா ஓடுதுங்கறார்

பெரியப்பா: அது பழைய கணக்கு. 7 இஞ்ச் அகலம்னு அர்த்தம், நடுவுல சதவீதமே இருக்காது. நம்மளதை விட நாலஞ்சு செமீ உயரம். கம்பெனியே அந்த சைஸ் குடுத்த மாடலுக்குப் போடலாம், உனக்கு ஸ்டிக்கர்ல இருக்கறது எதுவோ அதான். எஃப்சிக்கு, அதான் தகுதிச் சான்றுக்கு, போறப்பவும் கேள்வி வராது

அம்மா: ஸ்டிக்கர் மேல முருகன்

செல்வம்: அம்மா நான் ஆர்டர் போடறேன், தொந்தரவு பண்ணாத

காலை 10:20

செல்வம்: கடைக்காரர் ஒத்துக்கிட்டார். “காருக்குத்தான் வாங்கி வெச்சேன் தம்பி, சைஸ் ஒண்ணுன்னு சொன்னேன்”ங்கறார். எல்டி 8பிஆர் 106 நாளைக்கு மதியம் வந்துடுமாம். ஒரு டயருக்கு விலை கூடத்தான். நாலும் மாத்தணுமா?

பெரியப்பா: முன் டயர்ல பட்டன் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு தெரியுதா? ஓரத்துல டிடபிள்யூஐன்னு குறி போட்டிருக்கும், அதுக்கு நேரா இருக்கும். பட்டன் அந்த மேட்டோட சமமாயிட்டா 1.6 மிமீ, அவ்ளோதான் சட்டம் விடும்

செல்வம்: இல்ல, இன்னும் நல்லா உயரம் இருக்கு

பெரியப்பா: அப்ப பின்னாடி ஜோடி மட்டும் போதும். ஒண்ணு மட்டும் மாத்தாத, ஒரே அச்சுல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஸ்டெப்னி என்ன நிலைமை?

செல்வம்: ஸ்டெப்னில காத்து பாத்து ரொம்ப நாளாச்சு

பெரியப்பா: ரெண்டு தேய்ஞ்ச டயரையும் கடையிலயே குடுத்துடு, ஸ்டெப்னின்னு வீட்டுக்குக் கொண்டாராத. இருக்கற ஸ்டெப்னிக்கும் 106தானான்னு பாரு

செல்வம்: பாத்தேன். 106தான்

பெரியப்பா: இப்ப லோடு விஷயம். மூட்டை எத்தனை ஏத்தற?

செல்வம்: …

செல்வம்: 32, 33

கவிதா: ஒரு மூட்டை 50 கிலோ. 1,600க்கு மேல. 26 மூட்டைதான் 1,300

பெரியப்பா: கூட வர்ற 300 கிலோல பாதிக்கு மேல பின்னாடிதான் விழும். அப்ப ஒரு டயருக்கு 950 தாண்டிடும். 106 போட்டும் பிரயோஜனம் இல்ல. டயர்க் கம்பெனிக்காரன் மேலயும் கடைக்காரர் மேலயும் பழி போடக் கூடாது

செல்வம்: மண்டி வாடகை, டீசல் எல்லாம் பாத்தா 26 மூட்டைல கட்டுபடி ஆகாது பெரியப்பா

பெரியப்பா: அது நிஜம்தான். நான் இல்லன்னு சொல்லல. வெங்காயம் விலை நல்லா இருக்கற வாரத்துல ரெண்டு நடை போ. இல்லாட்டி பக்கத்துக் காட்டு ஆளோட சேந்து பெரிய வண்டி பேசு. இந்த வண்டில 33 ஏத்திட்டு நாலு வழிச் சாலைல போகாத

முருகேசன் மாமா: எங்க வண்டி வெள்ளிக்கிழமை சும்மாதான் நிக்குது மாப்ள. டீசல் மட்டும் போட்டுக்க, மிச்ச மூட்டையை நான் கொண்டாரேன்

செல்வம்: மாமா ❤️

அடுத்த நாள், மதியம் 1:40

செல்வம்: [படம்]

செல்வம்: டயர் வந்துடுச்சு. 106/103, 8பிஆர், 15636 மூணும் பாத்தாச்சு

பெரியப்பா: நாலு இலக்கம்?

செல்வம்: எது?

பெரியப்பா: தயாரிச்ச தேதி. நீளமான எழுத்து வரிசை முடிவுல ஒரு நீள்வட்டத்துக்குள்ள இருக்கும். முதல் ரெண்டு வாரம், பின் ரெண்டு வருஷம்

செல்வம்: ஒரு டயர்ல இருக்கு, இன்னொண்ணுல அந்தப் பக்கமே இல்ல

பெரியப்பா: திருப்பிப் பாரு. சில டயர்ல ஒரு பக்கம் மட்டும்தான் அடிப்பான்

செல்வம்: ஆமா, உள்பக்கம். ரெண்டும் இந்த வருஷம்தான்

பெரியப்பா: சரி, மாட்டு. புது வால்வு போடச் சொல்லு. பேலன்சிங் பண்ணிக்க. லோடு ஏத்தறதுக்கு முன்ன, டயர் குளிர்ந்து இருக்கறப்ப காத்து பாரு. ஓடி வந்து சூட்டோட பாத்தா கூடக் காட்டும்

செல்வம்: புக்கைப் பாத்து பின்னாடிக்கு எவ்ளோன்னு எழுதி வெச்சுக்கிட்டேன் 🙏

அம்மா: திருச்சி போறப்ப காந்தி மார்க்கெட்ல வாழைத்தாரு ஒண்ணு பாத்துட்டு வா. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் குடுக்கணும்

செல்வம்: எவ்ளோ எடைன்னு சொல்லுங்கம்மா, கணக்குல சேக்கணும்

மதன்: 😂😂😂