வீல் மாற்றிய பிறகு டயர் பிரஷர் லைட் அணையவில்லையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அலாய் ஆசை:
16 இன்ச் இரும்பு வீலைக் கழற்றிவிட்டு 17 இன்ச் அலாய் போட்டேன். புது டயர், பாலன்ஸிங், அலைன்மென்ட் எல்லாம் முடித்து வண்டியை எடுத்தால், குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டது மாதிரி இருக்கிற அந்த மஞ்சள் லைட் வந்துவிட்டது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டுகிறது, அப்புறம் நிலையாக எரிகிறது. திரையில் நான்கு டயருக்கும் எண் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு. கேஜ் வைத்துப் பார்த்தேன், நான்கிலும் 33 பிஎஸ்ஐ சரியாக இருக்கிறது. டயர் கடையில் "கொஞ்ச தூரம் ஓட்டுங்க சார், தானா போயிடும்" என்றார்கள். போகவில்லை. இன்னொரு கடையில் டயருக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் நான்கையும் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். மூன்றாவது இடத்தில் சும்மா ரீசெட் செய்தால் போதுமாம். இதைப் பார்த்தவர்கள் என்ன செய்தீர்கள்?

கிரீஸ் கை:
தம்பி, லைட் எப்படி எரிகிறது என்று கவனித்துச் சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. எடுத்த எடுப்பில் நிலையாக எரிந்தால் காற்று குறைவு. 60 முதல் 90 விநாடி வரை சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக நின்றால் சிஸ்டத்திலேயே கோளாறு; பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சார் பேசுவது வண்டிக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு நான்கிலும் கோடு. நான்கு சென்சாரும் ஒரே நாளில் சாகாது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய ரிம்மிலிருந்த சென்சாரைக் கழற்றிப் புது ரிம்மில் மாட்டினார்களா, இல்லை சாதாரண ரப்பர் வால்வைச் சொருகிவிட்டார்களா?

சென்சார் வால்வின் அடியில், ரிம்முக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி உண்டு, உடம்பிலேயே அச்சடித்திருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் தன் பட்டியலில் உள்ள ஐடிகளை மட்டுமே மதிக்கும். பக்கத்து வண்டியின் சென்சார் எவ்வளவு கத்தினாலும் கண்டுகொள்ளாது. அதனால் புது சென்சார் போட்டால் மட்டும் போதாது, அதன் ஐடியை வண்டிக்குச் சொல்லித்தர வேண்டும். சில வண்டிகள் ஓட்டும்போது தாமாகவே கற்றுக்கொள்ளும். சிலவற்றை நிறுத்திவைத்து, கற்கும் நிலைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு சக்கரமாக, சென்சாரோடு பேசும் கைக்கருவியான டூலால் எழுப்ப வேண்டும். இன்னும் சிலவற்றில் ஓபிடி போர்ட் (வண்டியின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைக்கும் சாக்கெட்) வழியாக ஐடியை எழுதினால்தான் ஏறும். அப்படிப்பட்ட வண்டியை எத்தனை தூரம் ஓட்டினாலும் லைட் அணையாது. "ஓட்டினா போயிடும்" என்று எல்லா வண்டிக்கும் ஒரே பதில் சொல்லும் கடையை நான் நம்பமாட்டேன்.

டூல் வைத்திருக்கும் இடத்துக்குப் போய் நான்கையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டூல் 125 கிலோஹெர்ட்ஸில் தட்டி எழுப்பும், உயிரோடிருக்கும் சென்சார் ஐடி, அழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் சொல்லும். பல டூல்களில் பேட்டரி நிலையும் தெரியும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் நான்கு சென்சார் விற்கப் பார்ப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

டிக்கி நிறைய:
எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். வீல் மாற்றினேன், லைட் வரவே இல்லை. திரையில் நான்கு எண்களும் அழகாக நின்றன. கடைக்காரர் நல்ல வேலைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டி நிறுத்தினால் டயர் சூடேறி அழுத்தம் சில பிஎஸ்ஐ ஏறும், இது என் வண்டியில் எப்போதும் பார்க்கிற விஷயம். அன்றைக்கு ஏறவில்லை. கிளம்பும்போது என்ன காட்டியதோ அதே எண். சந்தேகம் வந்து ஓரமாக நிறுத்தி, முன் டயர் வால்வின் நடு ஊசியைச் சாவி முனையால் அழுத்தினேன். உஸ்ஸென்று காற்று போகிறது. கேஜில் நாலு பிஎஸ்ஐ குறைந்துவிட்டது. திரையில் ஒரு மாற்றமும் இல்லை.

டிக்கியைத் திறந்தால் விஷயம் புரிந்தது. பழைய வீல்கள் நான்கும் சென்சாரோடு அங்கேதான் படுத்திருந்தன. வண்டி அவற்றோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது! வீட்டில் இறக்கி வைத்துவிட்டு அடுத்த முறை ஓட்டியபோதுதான் சிமிட்டல் ஆரம்பித்தது.

கிரீஸ் கை:
டிக்கி நிறைய சார், இது எல்லா வண்டியிலும் நடக்காது. நிறைய சென்சார்களுக்குள் அசைவை உணரும் முடுக்கமானி இருக்கிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் தூங்கிவிடும், பேச்சு வெகுவாகக் குறைந்துவிடும். உங்களுடையது தூங்காத ரகம். ஆனால் வீல் மாற்றியவர்கள் எல்லோரும் உங்கள் சோதனையைச் செய்து பார்க்கலாம். கொஞ்சம் காற்றை இறக்கி, வண்டியை ஓட்டிப் பார்த்தால், திரையில் இருப்பது எந்த டயரின் எண் என்று தெரிந்துவிடும். முடிந்ததும் காற்றை மறுபடி அடித்துவிடுங்கள், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

நிதானம்:
என் கதையில் சென்சாரே கிடையாது. வீல் மாற்றிய பிறகு லைட் வந்தது, "சென்சார் போச்சு, நாலும் மாத்தணும்" என்றார்கள். யூசர் மேனுவலை எடுத்து வைத்துப் படித்தேன். என் வண்டியில் டயருக்குள் ஒன்றுமே இல்லை. ஏபிஎஸ்ஸுக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார் இருக்கிறதல்லவா, அதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றுச் சுருங்கும், மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைத்தான் வண்டி பிடிக்கிறது. புது டயரின் சுற்றளவு பழையதைப் போல் இல்லை என்றால் அதற்குக் குழப்பம் வருவது இயல்பு.

டயர் ஆறியிருக்கும்போது நான்கிலும் சரியான காற்று வைத்து, மெனுவில் ரீசெட் கொடுத்தேன். கொஞ்ச தூரம் ஓட்டியதும் கற்றுக்கொண்டது. ஒரு எச்சரிக்கை: ரீசெட் கொடுக்கும்போது என்ன காற்று இருக்கிறதோ அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். 25-ல் வைத்து ரீசெட் செய்தால் 25-தான் அதற்கு நியாயம். இவ்வகை வண்டிகளில் திரையில் டயர்வாரியாகப் பிஎஸ்ஐ வராது, எச்சரிக்கை மட்டும்தான் வரும். அதை வைத்தே ஓரளவு அடையாளம் காணலாம். உங்கள் வண்டியில் எண் வந்துகொண்டிருந்தது என்பதால் அலாய் ஆசை, உங்களுக்கு இது பொருந்தாது. இதைப் படிக்கும் வேறு யாராவது சென்சார் வாங்கக் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதினேன்.

இரண்டாம் கை:
நான் சென்சாரோடு சேர்த்தே பழைய வீல் செட் ஒன்று வாங்கினேன். ஐடியை ஓபிடி வழியாக எழுதியும் ஆயிற்று. டூல் கேட்டால் நான்கும் பதில் சொல்கின்றன, வண்டிக்கு மட்டும் கேட்கவில்லை. மெக்கானிக்குகள் ரிசீவரைக் குறை சொன்னார்கள், ஆன்டெனாவைக் குறை சொன்னார்கள், ஒருவர் ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். கடைசியில் ஒரு பையன் டயரைக் கழற்றி, சென்சாரின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தான். 315 மெகாஹெர்ட்ஸ். என் வண்டியின் ரிசீவர் 433. உலகத்தில் இந்த இரண்டும்தான் அதிகம் புழங்குகின்றன, வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. டூல் இரண்டையும் கேட்கும், அதனால்தான் அங்கே பதில் வந்தது. சென்சாரோடு விற்கிறோம் என்று யாராவது சொன்னால் முதலில் அலைவரிசையைக் கேளுங்கள், அப்புறம் விலையைப் பேசுங்கள்.

கிரீஸ் கை:
இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. டெஸ்லா மாடல் 3-ல் முன்பு வந்தவை 433 மெகாஹெர்ட்ஸ், பிறகு வந்தவற்றில் புளூடூத். மாடல் பெயர் ஒன்றுதான், வீல் அப்படியே பொருந்தும், சென்சார் மட்டும் பேசாது. மாடல் பெயரை வைத்து வாங்காதீர்கள், தயாரிப்பு ஆண்டையும் பாகத்தின் எண்ணையும் வைத்து வாங்குங்கள்.

அலாய் ஆசை:
எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். "சென்சாரா, எந்த சென்சார்?" என்கிறார். பழைய வீல்கள் வீட்டில் இருக்கின்றன, அவற்றில் உலோகத் தண்டு, அடியில் நட்டு. புது ரிம்மில் கறுப்பு ரப்பர் வால்வு. அப்படியானால் சென்சார் பழைய ரிம்மிலேயே இருக்கிறது, சரிதானே? வண்டிக்கு ஏழு வயது. பழையதையே கழற்றி மாட்டலாமா?

கிரீஸ் கை:
ஏறக்குறைய சரி. ரப்பர் வால்வோடு வரும் சென்சாரும் உண்டு என்பதால் வால்வை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் உங்கள் கடைக்காரர் பேசுவதைக் கேட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஏழு வயதுச் சென்சாரை மாட்ட வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே ஒரு சின்ன லித்தியம் பேட்டரி, மேலே பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், மாற்ற முடியாது. பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வரை தாங்கும். இன்றைக்கு டயரைக் கழற்றி மாட்டி, அடுத்த ஆண்டு ஒன்று சாகும், அதற்கு ஒரு முறை கழற்ற வேண்டும், அப்புறம் இன்னொன்று. கூலிக்குக் கூலி வீண்.

மாட்டியே ஆக வேண்டும் என்றால் வால்வு கோர் (தண்டுக்குள் இருக்கும் நடு ஊசி), ரப்பர் வாஷர், நட்டு மூன்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கோர் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். அலுமினியத் தண்டில் பித்தளைக் கோர் போட்டால் இரண்டும் சேர்ந்து அரித்துப் பிடித்துக்கொள்ளும். அழகுக்காக மாட்டும் உலோக மூடியும் அதே கேஸ்தான். என்னிடம் ஒரு வண்டி வந்தது, மூடி கழலவில்லை என்று சொந்தக்காரரே இடுக்கி போட்டுத் திருகியிருக்கிறார். மூடியோடு தண்டும் ஒடிந்து கையில் வந்துவிட்டது, ஒரு நிமிடத்தில் டயர் தரையோடு தரை. உள்ளே சென்சார் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ரகத்தில் தண்டும் சென்சாரும் ஒரே துண்டு, முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. சாதாரண பிளாஸ்டிக் மூடி போதும்.

டயரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். மெஷினின் அழுத்தும் தகடு வால்வுக்கு அருகில் விழுந்தால் சென்சார் நொறுங்கிவிடும். தெரிந்த ஆள் வால்வு இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் டயரை வைப்பார்.

குறுக்குவழி:
இவ்வளவு எதற்கு? பழைய சென்சார் நான்கையும் ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டு, மூடி, 33 பிஎஸ்ஐ காற்றடித்து டிக்கியில் வைத்துவிட்டால் லைட் வராது. நண்பர் ஒருவர் செய்திருக்கிறார்.

கிரீஸ் கை:
தெரியும், பார்த்திருக்கிறேன். வெயிலில் வெந்துபோகும் டிக்கிக்குள் காற்றடைத்த குழாயை வைத்துக்கொண்டு, டயர் காலியானாலும் "எல்லாம் நலம்" என்று சொல்லும் வண்டியை ஓட்டுவதைவிட, லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளலாம். டேப்பாவது பொய் எண் காட்டாது. அமெரிக்காவில் 2000-ல் ட்ரெட் சட்டம் வந்து, 2007 செப்டம்பரிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது. டயர் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்து நிறையப் பேர் செத்ததால் பிறந்த சட்டம் அது. ரன்-ஃப்ளாட் டயர் போட்டவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். காற்றே இல்லாவிட்டாலும் பக்கச்சுவர் தாங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, லைட்தான் ஒரே துப்பு.

இரட்டை செட்:
எங்கள் ஊரில் பனிக்காலத்துக்குத் தனி வீல் செட். ஆண்டுக்கு இரு முறை ஐடி எழுத அலுத்துப்போய், இரண்டாவது செட்டுக்கு நகல் சென்சார் போட்டேன். புரோகிராம் செய்யக்கூடிய சென்சாரில் பழைய ஐடியையே எழுதிவிடுவார்கள், வண்டிக்கு வித்தியாசம் தெரியாது. எந்த செட்டை மாட்டினாலும் உடனே வேலை செய்கிறது. ஒரே ஐடியில் இரண்டு சென்சார் இருப்பதால், கழற்றிய செட்டை வண்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்காமல் தள்ளி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, குளிர் வந்த முதல் வாரம் லைட் எரிந்தால் சென்சாரைத் திட்டாதீர்கள். 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். காற்றடித்தால் சரி.

கேமரா கண்:
ஒரு சின்னத் தகவல். என் வண்டியில் சிமிட்டல் வரும், போகும். சென்சார் நான்கும் நலம். டேஷ்கேமுக்கு மாட்டியிருந்த மலிவு யுஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது. சில சார்ஜர்கள் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும். பிடுங்கிப் பார்க்கச் செலவில்லை.

அலாய் ஆசை:
முடிந்தது. டூல் உள்ள ஒருவரிடம் பழைய வீல்களையும் ஏற்றிக்கொண்டு போனேன். நான்கும் உயிரோடிருந்தன, ஆனால் ஒன்றின் பேட்டரி குறைவு என்று காட்டியது. புது சென்சார் நான்கு வாங்கி, பழைய ஐடிகளை அப்படியே நகலெடுத்துப் போட்டாயிற்று. ஓட்ட ஆரம்பித்துச் சில நிமிடங்களில் கோடுகள் ஒவ்வொன்றாக எண்ணாக மாறின, லைட் அணைந்தது. ஒரே குறை, முன் இடது டயரில் காற்று இறக்கினால் திரையில் பின் வலது குறைகிறது!

கிரீஸ் கை:
நகலெடுக்கும்போது எது எந்த மூலை என்று குறிக்காமல் விட்டிருப்பார்கள். அந்த இரண்டு சக்கரத்தையும் இடம் மாற்றிப் போடுங்கள். டயரில் சுழலும் திசை அம்பு இருந்தால் மாற்ற முடியாது, ஓபிடி வழியாக இடத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த ஸ்டிக்கரில் 17 இன்ச்சுக்குத் தனி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள், சில வண்டிகளில் அளவுக்கு அளவு பிஎஸ்ஐ வேறு.

அலாய் ஆசை:
அம்பு இல்லை, மாற்றிவிடுகிறேன். ஸ்டிக்கரில் இரண்டாவது வரி இருக்கிறது அண்ணே, 17-க்கு 35 போட்டிருக்கிறது. இப்போதே அடிக்கப் போகிறேன்.

இரண்டாம் கை:
பழைய 16 இன்ச் செட் விற்பனைக்கா? எத்தனை மெகாஹெர்ட்ஸ்?