ட்ரோன் கண்ணுக்குத் தெரியாத கல்: கடற்கரை சைட் அனுபவங்கள்

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் ஒரு மீனவர் ஊர். அங்கே தூண்டில் வளைவு, அதாவது அலையையும் கடல் அரிப்பையும் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி எழுப்பும் வளைந்த தடுப்பு, கட்டும் வேலை. மாதம் இரண்டு முறை ட்ரோன் பறக்கவிட்டு, வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அறிக்கை கொடுப்பது என் பொறுப்பு. எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இந்தக் கரையில் இதே வேலையில் இருப்பவர்கள் உங்களுடையதையும் எழுதுங்கள்.

ட்ரோன் நேர் கீழே பார்த்து வரிசை வரிசையாகப் படம் எடுக்கும். ஒரு படத்தில் விழுந்த இடத்தில் முக்கால்வாசி அடுத்த படத்திலும் விழ வேண்டும். அப்போதுதான் மென்பொருள் எல்லாவற்றையும் கோத்து, உயரத்தோடு கூடிய ஒரே வரைபடமாக்கும். போன தடவை வரைபடத்தை இந்தத் தடவையதிலிருந்து கழித்தால் எவ்வளவு கல் கூடியிருக்கிறது என்று கன அளவே வந்துவிடும். தரையில் கிடக்கும் கிராவல் குவியலுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். கடலில் அப்படி இல்லை. அலை அசைந்துகொண்டே இருப்பதால் தண்ணீர்ப் பரப்பில் படத்துக்குப் படம் பொருந்தாது. தண்ணீருக்கு அடியில் இருப்பதோ கணக்கிலேயே வராது.

இது தெரிந்தும் நான் தவறினேன். புரட்டாசியில் எடுத்த அளவு, டிப்பர் நடைச் சீட்டுகளின் கூட்டலில் பாதிகூட வரவில்லை. கல் வராமல் சீட்டு மட்டும் வந்திருக்கிறது என்று முடிவுகட்டி எழுத உட்கார்ந்துவிட்டேன். "எல்லாம் என் கண்ணு முன்னாடி போட்ட கல்லு சார்" என்று மேஸ்திரி திரும்பத் திரும்பச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்தான் எழுந்து வந்தார். "தம்பி, நுனி வரைக்கும் வா, காட்டுறேன்" என்று வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கினார். வேலை தொடங்கும் முன் அந்த இடம் ஒன்றரைப் பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) ஆழம் என்பது அவருக்கு அத்துப்படி. குண்டு முக்கால் பாகத்திலேயே கல்லில் தட்டியது. "அடியில சேறு தம்பி. போடுற கல்லை முதல்ல அது வாங்கிக்கும். அப்புறம்தான் மேல தெரியும்."

மறுநாள் பத்து மீட்டருக்கு ஓர் இடமாகக் குண்டு விட்டு அளந்து என் வரைபடத்தோடு சேர்த்தோம். சேற்றுக்குள் புதைந்ததைத் தவிர மற்றதெல்லாம் கணக்குக்கு வந்தது. நடைச் சீட்டுக்குக் கிட்டத்தில் போய் நின்றது. அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு மேஸ்திரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது என் அறிக்கையில் தண்ணீருக்கு மேலே ஒரு பத்தி, கீழே ஒரு பத்தி.

கீழக்கரைக்காரர் ஒருவர்:

நான் துபாயில் இருக்கிறேன், ஊரில் வீடு வேலை நடக்கிறது. வாரா வாரம் மச்சான் ட்ரோன் வீடியோ அனுப்புவார். கூரைத் தளம் போட்ட வாரம் பார்த்தேன். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள், மேலிருந்து பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. மனசு நிறைந்துபோய் உம்மாவுக்குப் போன் போட்டேன். உம்மா மாடிக்கு ஏறி, அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். "ஒரே உப்பா இருக்குப்பா." உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதி ஊதிக் கான்கிரீட்டையே பிளக்கும். கடற்கரை வீடுகளில் தளம் பெயர்ந்து கம்பி தெரிவதை நாம் பார்க்காததா. அன்றைக்கே அதை வடித்துவிட்டு லாரியில் நல்ல தண்ணீர் இறக்கினோம். இப்போதும் வீடியோ வருகிறது. உம்மாவும் தினம் ஏறிப் பார்க்கிறார்.

மண்டபத்திலிருந்து:

நான் நெடுஞ்சாலை வேலைகளுக்குப் படம் எடுப்பவன். தேசிய நெடுஞ்சாலை வேலைகளில் 2021 முதல் மாதாமாதம் ட்ரோன் வீடியோ கட்டாயம். எங்கள் பக்கம் வேலை எடுப்பவர்கள் முதலில், ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. பச்சைப் பகுதியிலும் 400 அடிதான் எல்லை. இன்னொன்று, கம்பி கட்டிய பாலத் தளத்தில் வைத்துக் கிளப்பாதீர்கள். இரும்பு திசைகாட்டியைக் குழப்பிவிடும். எனக்கு ஒரு தடவை கிளம்பிய வேகத்தில் கடலைப் பார்த்துப் போய்விட்டது, ஆடிக் காற்று வேறு. கைமுறைக்கு மாற்றித் திருப்புவதற்குள் உயிர் போய் வந்தது. அப்போதிருந்து வெறும் மண் தரையில் பலகை போட்டுத்தான் கிளப்புகிறேன்.

தொண்டிக்காரரே, அந்தப் பெரியவருக்கு ஏதாவது கொடுத்தீர்களா?

தொண்டியிலிருந்து:

கொடுத்தோம் அண்ணே. அளவெடுக்கும் நாளெல்லாம் அவர்தான் வருகிறார். வள்ளத்துக்கு வாடகை, அவருக்குக் கூலி, இரண்டும் பில்லிலேயே ஏறுகிறது.