பெரியப்பாவின் ரேடியோ செட் தட்டுகள்

பெரியப்பா திருநெல்வேலிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். கல்யாணமோ கோயில் கொடையோ, அவருடைய ரேடியோ செட்தான். கடையை மூடியபின் பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள் எங்கள் மாடிக்கு வந்தன. பெரும்பாலும் ஈ.பி. (சிறிய தட்டு), எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு), கூடவே கொஞ்சம் பழைய 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு). எல்லாவற்றையும் வீட்டிலேயே கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

குறுக்குவழி கிடையாது. ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால் பதியவும் 20 நிமிடம். தெருவில் லாரி போனால்கூட ஊசி அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும் என்பதால் இரவில்தான் உட்காருகிறேன். அதற்கு முன்னால் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, லேபிள் நனையாமல் துடைக்க வேண்டும்.

டர்ன்டேபிளுக்கும் கணினிக்கும் நடுவே ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சின்னப் பெட்டி கட்டாயம். தட்டில் பள்ளம் வெட்டிப் பாட்டைப் பதியும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டியிருப்பார்கள். அதை நேராக்குவது இந்தப் பெட்டிதான். உறுமல் கேட்டால் எர்த் ஒயரைப் பாருங்கள், லேப்டாப் சார்ஜரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் தரத்தை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி பிடிக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். சுத்தம் செய்யாத முதல் கோப்பை அழிக்காதீர்கள். க்ளிக் நீக்கும் வசதியைக் கொஞ்சம் கூட்டினாலே மிருதங்கச் சாப்பு (கணீரென்று விழும் அடி) மழுங்கிவிடுகிறது. மென்பொருளுக்குக் கீறலும் சாப்பும் ஒன்றுதான். இரைச்சலைக் குறைக்கப் போனால் பாட்டு முடிந்து தேயும் ஓசை பாதியில் அறுந்துபோகிறது. கரகரப்போடே கேட்கலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இன்னொரு வேடிக்கை. ஊரே விரும்பிக் கேட்ட பாட்டுகள் தேய்ந்து வெளுத்துக் கிடக்கின்றன. யாரும் கேட்காத மறுபக்கம் புத்தம் புதுசு!

*

சார், உங்கள் பதிவைப் படித்தேன். 78 தட்டுக்கு ஊசியை மாற்றினீர்களா? எல்.பி. ஊசி அதற்குச் சின்னது, பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். அப்புறம் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் அதன்மேல் படக்கூடாது. அரக்கு, கரைந்துவிடும்.

எங்கள் வீட்டில் நாதஸ்வரத் தட்டுகள் இருக்கின்றன. என் டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லை. 45இல் ஓட்டிப் பதிந்து, ஆடாசிட்டியில் வேகத்தை 78க்கு மாற்றினேன். பாஸ், ட்ரெபிள் அளவு பிசகும், அதைக் கையால் சரிசெய்யத்தான் வேண்டும். பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் என்பதால் ஆலாபனை ஒரு பக்கம், கீர்த்தனை மறுபக்கம். இரண்டையும் ஒட்டு என்கிறார் அப்பா. நான் ஒட்டவில்லை, சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

*

ஊசி வாங்கிவிட்டேன் தம்பி. நல்லவேளை, ஸ்பிரிட் பக்கம் போகவில்லை. ஒட்டுவதானால் தனிப் பிரதியில் ஒட்டிக் கொடுங்கள், அப்பாவுக்கும் திருப்தி. லேபிளையும் படமெடுத்து, தட்டு எண்ணையே கோப்புக்குப் பெயராக வையுங்கள். வலையில் ஏற்றும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு தனி, எழுதியவர் மறைந்த பிறகு 60.