எண்பது இலட்சம் செலவழித்து உலகம் சுற்றுவது தப்பா?

அட்டன்_கடைக்காரர்:
இலங்கை மலையகத்தில் அட்டனுக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பராவில் (அறையில்) பிறந்தவர்கள் நானும் என் கூட்டாளியும். இருவருக்கும் 62 வயது. நான் ஹார்ட்வெயார் கடையை மகனிடம் கொடுத்துவிட்டேன். கூட்டாளி கணக்கு வாத்தியாராக இருந்து பென்ஷன் வாங்கியவன். கொழும்பில் வாங்கிப் போட்டிருந்த காணியை இப்போது விற்றிருக்கிறான். வருகிற மார்ச்சில் உலகம் சுற்றக் கிளம்புகிறோம். சிங்கப்பூர், சிட்னி, சிலியின் சந்தியாகோ, மட்ரிட், வெனிஸ், லண்டன், அங்கிருந்து நேராக வீடு. 70 நாள். விமானத்தில் பிசினஸ் கிளாஸ், தங்குவதும் நல்ல ஹோட்டல்களில். ஆளுக்கு எண்பது இலட்சம் ரூபா. கோயில் கமிட்டியில் பேச்சுவாக்கில் சொன்னேன். ஒருவர் முகத்துக்கு நேரே "இது பாவம்" என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

லயத்துப்பிள்ளை:
ஐயா, பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்டத் தொழிலாளிக்கு 2024 இல் அறிவித்த நாட்சம்பளம் 1350 ரூபா. எண்பது இலட்சம் என்றால் 5900 நாளுக்கு மேல். மாதம் 25 பேர் (அதாவது 25 நாள் வேலை) விழுந்தாலும் ஒரு பொம்பளை ஏறக்குறைய இருபது வருடம் கொழுந்துக் கூடையோடு மலையேற வேண்டும். என் அம்மா அப்படித்தான் ஏறியது. அந்த நாட்சம்பளம் 2021 இல் ஆயிரம் ரூபாவைத் தொடுவதற்கே எத்தனை வருடம் கத்தினோம் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் லயத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, டியூசன் காசு இல்லாமல் போன மாதம் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டது. உலகம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதிக் காசில் பார்க்கலாமே. ஏன் இவ்வளவு ஆடம்பரம்?

பதுளைக்_கோச்சி:
தம்பி, உங்கள் அம்மாவின் கணக்கு என் அம்மாவின் கணக்கும்தான். அதே அம்மாவுக்காகவே இதை எழுதுகிறேன். நம் சனம் எப்போது ஆசைப்பட்டுப் பயணம் போயிருக்கிறது? முதலில் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடை. வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ. அப்புறம் 1964 ஒப்பந்தம். ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. அதற்குப் பிறகு சவுதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்கு. எல்லாமே யாரோ அனுப்பி வைத்த பயணம், இல்லாவிட்டால் வயிறு துரத்திய பயணம். இந்த இரண்டு பேரும் தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகக் கிளம்புகிறார்கள். சீசனுக்கு நுவரெலியா வந்து காசை இறைக்கிறவர்களிடம் நாம் கணக்குக் கேட்பதில்லை. நம் ஆளிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? சிட்னியிலிருந்து சந்தியாகோவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அளவில் பறக்க வேண்டும். 62 வயது முழங்காலை நீட்டிப் படுத்துப் போனால் என்ன குறைந்துவிடும்?

டிக்கெட்_தம்பி:
சரி தப்பு நீங்கள் பேசுங்கள், நான் டிக்கெட் மட்டும் சொல்கிறேன். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் வன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கிறது. அவர்களின் உலகச் சுற்று டிக்கெட்டில் 16 பறப்புகள் வரை, ஒரு வருடத்துக்குள். ஒரே திசையில் போய், பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் ஒவ்வொரு தடவை தாண்டி, தொடங்கிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். சந்தியாகோ வழி நல்ல யோசனை. அமெரிக்காவில் விமானம் மாறினால்கூட நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். மட்ரிட்டுக்கும் வெனிஸுக்கும் எடுக்கும் ஷெங்கன் விசா லண்டனுக்குச் செல்லாது, அதற்குத் தனி விசா. ஷெங்கனுக்கு 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். பாஸ்போர்ட் ஒவ்வொரு தூதரகமாகப் போய் வர மாதங்கள் ஓடிவிடும், இப்போதே ஆரம்பியுங்கள்.

பங்களா_பையன்:
நான் காசல்ரீ பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. முன்பு அது துரை பங்களா. விடியக்காலையில் அறைக்குத் தேத்தண்ணி கொண்டு போவது நான்தான். என் தாத்தா அதே வாசலில் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர். இவ்வளவு நாளில் நம் தோட்டத்து ஆள் ஒருவருக்குக்கூட நான் ஊற்றிக் கொடுத்ததில்லை. ஐயா, போவதற்கு முன் ஒரு ராத்திரி இங்கே வந்து தங்குங்கள்.

லயத்துப்பிள்ளை:
தம்பி, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவர் அந்தப் பங்களா நாற்காலியில் உட்கார்ந்ததால் லயத்துக் கூரையில் ஒழுக்கு நிற்காது. நான் சொன்னதில்தான் இன்னும் நிற்கிறேன்.

இன்னொன்று. ஐயாவின் பட்டியலைத் திரும்பப் படித்தேன். வெனிஸ் இருக்கிறது, சந்தியாகோ இருக்கிறது. கோத்தகிரி இல்லை, கூடலூர் இல்லை. 1964 ஒப்பந்தத்தால் இங்கிருந்து போனவர்களுக்காக 1968 இல் தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அட்டன் ஸ்டேஷனில் ஒப்பாரி வைத்து அனுப்பிய சனத்தைப் பார்க்காமல் உலகத்தை எப்படிச் சுற்றி முடிப்பீர்கள்?

அட்டன்_கடைக்காரர்:
இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. கூட்டாளியின் மூத்த அக்கா 1974 இல் இந்தியாவுக்குப் போனது. எங்களுக்கு அப்போது 11 வயது. தலைமன்னார்க் கப்பல்துறைக்குப் போகும் கோச்சி (ரயில்) நகரும்போது அக்கா ஜன்னல் வழியாக எங்கள் இரண்டு பேர் கையிலும் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பெட்டியைத் திணித்தது. இப்போது கோத்தகிரியில் இருக்கிறது. போகலாம், போகலாம் என்றே இத்தனை வருடம் போய்விட்டது.

காசைப் பற்றித் தம்பி கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதற்காகப் பயணத்தை நிறுத்தப் போவதும் இல்லை.

லண்டனிலிருந்து சென்னைக்கு மாற்றிக்கொள்கிறோம். வெனிஸில் நாலு நாளைக் குறைத்து, கோத்தகிரிக்குப் பத்து நாள். நேற்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டோம். காம்பரா முன்னால் இருந்த கொய்யா மரம் இன்னும் நிற்கிறதா என்றுதான் முதலில் கேட்டது. எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நாளைக்குக் காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.