ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கும் புத்தகத்துக்கு ரிப்போர்ட் தவிர வேறு என்ன செய்யச் சொல்லலாம்?

மேசைவிளக்கு:
வணக்கம். எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடப்புத்தகம் போக, மாதம் ஒரு கதைப்புத்தகம் அவரவர் விருப்பப்படி படிக்கிறார்கள். முடிவில் இத்தனை நாள் வழக்கமான புக் ரிப்போர்ட்தான் கேட்டேன்: ஆசிரியர் பெயர், கதாபாத்திரங்கள், கதைச் சுருக்கம், பிடித்த பகுதி. வந்ததில் பாதி இணையத்தில் எடுத்தது, மூன்று பேர் சுருக்கத்தில் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருந்தது. சரி, மாற்றிப் பார்ப்போம் என்று போன மாதம் போஸ்டர் செய்யச் சொன்னேன். அழகழகாக வந்தன. ஒரு மாணவி நீளமான கூந்தலோடு கதாநாயகியை வரைந்து ஜிகினா எல்லாம் ஒட்டி ரொம்பவே மெனக்கெட்டிருந்தாள். ஆனால் அந்தக் கதையில் இரண்டாம் அத்தியாயத்திலேயே அந்தப் பெண் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறாள், கதையே அங்கிருந்துதான் சூடுபிடிக்கிறது. இவள் அட்டைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறாள்.

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நான் கேட்டது படம், அவள் கொடுத்ததும் படம். படித்தால்தான் செய்ய முடியும் என்கிற மாதிரி, அதே நேரம் படிக்கும் ஆசையைக் கெடுக்காத மாதிரி என்ன வேலை கொடுக்கலாம்? வகுப்பில் 38 பேர், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

காகிதப்படகு:
டீச்சர், நான் போஸ்டரை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது கொடுப்பது 'சட்டைப்பை'. கதையில் வரும் ஒருவரின் பையில் இருக்கக்கூடிய ஐந்து பொருள்கள். நிஜப் பொருளாகவும் இருக்கலாம், தாளில் வரைந்து வெட்டியதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றோடும் ஒரு சின்னச் சீட்டு: எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு வாக்கியம், இதை ஏன் அவர் தூக்கிப் போடாமல் வைத்திருப்பார் என்று இரண்டு வரி. உயிரே அந்தச் சீட்டில்தான். பக்க எண் கேட்டவுடன் பிள்ளைகள் புத்தகத்தைத் திரும்பப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு பையன் வெறும் சாவி ஒன்றைக் கொண்டுவந்தான். கதையில் அந்த வீடு எரிந்துபோகிறது, பிறகு சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை. "வீடு போனாலும் சாவி அவரிடம்தானே இருக்கும்" என்று ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி எழுதியிருந்தான். ஐந்து பக்க ரிப்போர்ட்டில் எனக்கு அது கிடைத்திருக்காது.

திருத்துவதும் சுலபம், ஒருவருக்கு நான்கைந்து நிமிடம். அழகுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நடுப்பக்கம்:
நான் ஆசிரியர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் அப்பா. ஒரு வேண்டுகோள். காலணிப் பெட்டிக்குள் காட்சி அமைப்பது, மாடல் செய்வது எல்லாம் எங்கள் வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்குப் பெற்றோர் செய்கிற வேலையாகத்தான் முடிகிறது. என் மகள் புத்தகத்தை நான்கு நாளில் முடித்தாள், பெட்டிக்கு ஒன்பது நாள் ஆனது, அந்த ஒன்பது நாளும் அடுத்த புத்தகத்தைத் தொடவில்லை. எதுவாக இருந்தாலும் வகுப்பிலேயே, தாள் பென்சிலோடு முடிகிற மாதிரி கொடுங்கள். வசதி இருக்கிற வீடு, இல்லாத வீடு என்ற வித்தியாசமும் அப்போது வெளியே தெரியாது.

ஓரக்குறிப்பு:
மேலே அப்பா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் கடிதத்துக்கு மாறிவிட்டேன். அமெரிக்க ஆசிரியை நான்சி அட்வெல், 2015-இல் முதல் குளோபல் டீச்சர் பரிசு பெற்றவர், பல பத்தாண்டுகளாகத் தன் மாணவர்களை, அவர்கள் படித்த புத்தகம் பற்றித் தனக்கே கடிதம் எழுத வைத்தார், அவரும் பதில் எழுதினார். 38 பேருக்கும் வாராவாரம் பதில் எழுதினால் நீங்கள் படுத்துவிடுவீர்கள். அதனால் வகுப்பை நான்காகப் பிரித்து, வாரம் ஒரு பிரிவு மட்டும் உங்களுக்கு எழுதட்டும், மற்றவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளட்டும். கதையைச் சொல்லாதே, எந்த இடத்தில் நின்றாய், எங்கே எரிச்சல் வந்தது, இப்போது என்ன சந்தேகம் என்று எழுது, இவ்வளவுதான் விதி. பதிலில் பிழை திருத்தாதீர்கள், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். என் மாணவி ஒருத்தி ஆறு வாரம் "நன்றாக இருக்கிறது" என்று மட்டுமே எழுதினாள், ஏழாவது வாரம் ஒன்றரைப் பக்கம் வந்தது, கதையில் வரும் அம்மா பொய் சொல்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டாளாம், கோபத்தில் எழுத்தெல்லாம் சாய்ந்து கிடந்தது.

காகிதப்படகு:
அந்த ஏழாவது வாரத்துக்காகத்தான் எல்லாம்.

நிழற்கோடு:
எல்லாரும் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள், புத்தகம் கடினமாக இருந்தால்? இணையத்தில் எடுக்கிறவர்களில் நிறையப் பேர் சோம்பேறிகள் இல்லை, மூன்றாவது பக்கத்திலேயே மூழ்கிப்போனவர்கள். இன்னொருவர் உதவி இல்லாமல் கதையைப் புரிந்து படிக்க, நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வகுப்பில் இதற்கு ஐந்து விரல் கணக்கு உண்டு: ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் வேறு புத்தகம் எடு. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைக்கவும் அனுமதி கொடுங்கள், ஏன் வைத்தேன் என்று ஒரு பத்தி எழுதினால் அதுவே அந்த மாத வேலை.

அப்புறம், ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர்களுக்கு இருட்டடிப்புக் கவிதை நன்றாக வேலை செய்கிறது. பிடித்த ஒரு பக்கத்தை நகலெடுத்து, வேண்டிய சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, மற்றதையெல்லாம் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட வேண்டும். மிஞ்சும் பத்துப் பதினைந்து சொற்கள் அந்தக் காட்சியின் உணர்ச்சியைச் சொல்ல வேண்டும். சொல்லெல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் இலக்கணப் பயம் இல்லை, ஆனால் எதை விடுவது எதை வைப்பது என்று முடிவு செய்ய அந்தப் பக்கத்தை ஏழெட்டு முறை படித்தே ஆக வேண்டும். மார்க்கரைக் கடைசியில் கொடுங்கள், முதலிலேயே கொடுத்தால் நல்ல சொல்லையும் சேர்த்து அழித்துவிட்டு அழுவார்கள்.

மேசைவிளக்கு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்கே ஐந்து விரல் கணக்கை வைத்துப் புத்தகங்களை மாற்றிக்கொள்ளச் சொல்லப் போகிறேன், 38-இல் எத்தனை பேர் மாற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த மாதம் சட்டைப்பை, வகுப்பிலேயே இரண்டு பாடவேளை, வரைந்த பொருள் மட்டும். கடிதம் அடுத்த பருவத்தில். போஸ்டர் போட்ட அந்தப் பெண்ணிடம் இன்று சாயங்காலம் அதே புத்தகத்தைக் கொடுத்து, இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முடி வெட்டும் இடம் வருவதற்குள் மணி அடித்துவிட்டது, புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.