ஓடிஜியில் கீழ்க்கம்பி சூடாகவில்லை, 500 ரூபாய்க்குள் முடியுமா?

கேள்வி
ஆறு வருஷப் பழைய 1500 வாட் ஓடிஜி (கேக் சுடுகிற மின்சார அடுப்பு). மேலே கம்பி சிவக்கிறது, கீழே சுத்தமாகச் சூடில்லை, கேக் மேலே கருகி அடியில் மாவாகவே நிற்கிறது. கடையில் கேட்டால் 1800 ஆகுமாம், புதுசே வாங்கிக்கோங்க என்கிறார்கள். கையில் 500தான் இருக்கிறது.

பதில் 1
மேல்கம்பி எரிகிறதென்றால் டைமரும், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டும் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், இரண்டு கம்பிக்கும் அவை பொது. மிச்சம் சந்தேகம் கம்பி, அதன் லக் (ஒயரைக் கம்பியோடு இணைக்கிற உலோக முனை), மேல் கீழ் கம்பியைத் தேர்ந்தெடுக்கிற செலக்டர் சுவிட்ச். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறினபிறகு பக்கத் தகட்டைக் கழற்றி, கம்பியின் ஒரு முனை ஒயரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். கீழே 750 வாட் என்றால் 70 ஓம் பக்கம் காட்டணும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி போச்சு, அதே நீளம், அதே வாட்டில் வாங்கிப் போடுங்கள்.

பதில் 2
கம்பி முனைக்கும் பாடிக்கும் நடுவிலும் பாருங்க. அங்கே ஓம் காட்டினால் ஷாக் அடிக்கும், தொடவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
பார்த்தேன், 72 காட்டுகிறது! ஆனால் லக் கருகி, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. ஈயம் வைத்து ஒட்டிவிடலாமா?

பதில் 1
ஐயோ வேண்டாம், அந்தச் சூட்டில் ஈயம் உருகிவிடும். கருகின ஒயரை வெட்டிவிட்டு புது லக்கை கிரிம்ப் பண்ணுங்க (இடுக்கியால் நசுக்கி இறுக்குங்க), ஒயரும் சூடு தாங்குகிற கண்ணாடி இழை உறை போட்டதாக இருக்கட்டும். சாதா பிவிசி ஒயர் இளகிவிடும். எனக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.